எடைக்கல் எங்கே?

எங்கள் டாக்ஸி ஆபீசில் பகல் ஷிப்ட் அக்காவுக்கு, சாயங்கால ஷிப்ட் எனக்கு. பல வருடங்களாக அவர் எழுந்த நாற்காலியில்தான் நான் உட்காருகிறேன், சூடு ஆறியிருக்காது. ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுக்கும்போதே, "நாலாம் நம்பர் சாப்பிடப் போயிருக்கான், ஏர்போர்ட் பார்ட்டி இன்னும் திட்டி முடிக்கல, மத்தபடி ஊர் நல்லா இருக்கு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கைப்பையை எடுப்பார். டிரைவர்களுக்கு அவர் கன்ட்ரோல் அக்கா. அவர் முகத்தைப் பார்த்தே இராத டிரைவர்கள்கூட உண்டு. குரல் மட்டும்தான் தெரியும். அந்தக் குரலிலிருந்து நீட்டாக ஒரு "ம்" வந்தால் போதும், சவாரி பிடிக்காமல் தகராறு செய்கிறவனும் வாயை மூடிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிடுவான்.

அக்காவின் வீட்டுக்காரர் எடை, அளவு சோதிக்கும் அலுவலகத்தில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். நாங்கள் அவரை சார் என்போம். கடைத் தராசு, பெட்ரோல் பங்க் மீட்டர், எங்கள் டாக்ஸி மீட்டர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்கியவர். அப்படித்தான் இரண்டு பேருக்கும் பழக்கம். மீட்டருக்கு சீல் வைக்க வந்தவர், சுவரைப் பார்த்து, "உங்க கடிகாரம் முந்திப் போகுதுங்க" என்றாராம். அக்கா தலை நிமிராமல், "தெரியும். எங்க டிரைவருங்க பிந்தி வருவாங்க, ரெண்டும் சேர்ந்தா சரியாயிடும்" என்றாராம். சார் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் சீல் கோணலாக விழுந்தது என்று எங்கள் முதலாளி இன்றைக்கும் சொல்லுவார். பிறகு சோதனை தேவைப்படாத மீட்டரையெல்லாம் சோதிக்க சார் வர ஆரம்பித்தார். கல்யாணம் ஆனது. ஒரே மகள், படித்து வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள்.

ஓய்வு பெற்றதும் சார் வீட்டுச் சுவர்க்கடிகாரம், தண்ணீர் மீட்டர், ஆள் எடை பார்க்கும் மெஷின் எல்லாவற்றையும் சரிபார்த்தார். சரிபார்க்க வீட்டில் எதுவும் மீதி இல்லாமல் போனபோது கம்ப்யூட்டர் பக்கம் போனார். அங்கே அவருக்கு ஒரு பிளாக் கிடைத்தது. அதன் பெயர் "கேட்டா தப்பா?".

உலகம் சூடாகிறது, பனி உருகுகிறது, கடல் ஏறுகிறது என்று வரும் செய்திகளை எடுத்துப்போட்டு, "நிஜமா? எப்படித் தெரியும்? யார் சொன்னது?" என்று கேட்பதுதான் அந்த பிளாக்கின் வேலை. நடத்துகிறவரை எல்லாரும் கடைக்காரர் என்று கூப்பிட்டார்கள். அவர் ஒரு பதிவு போட்டால் கீழே கருத்துகள் நூறைத் தாண்டும். உண்மையிலேயே கேள்வி இருந்து வருகிறவர்கள் கொஞ்சம் பேர். எவனையாவது திட்டினால்தான் காலைக் காபி இறங்கும் என்கிறவர்கள் கொஞ்சம் பேர். பெரும்பாலும் பேச்சுத்துணைக்கு வருகிறவர்கள். அங்கே சார் வைத்துக்கொண்ட பெயர் எடைக்கல். அவருடைய கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அந்தக் கருவியை யார் சரிபார்த்தாங்க? எப்போ?"

அந்தக் கூட்டத்துக்கு எதிர்க்கட்சி என்று ஒருத்தர்தான். பெயர் தீப்பெட்டி. எந்தப் பதிவு வந்தாலும், "சரிபார்த்திருக்காங்க ஐயா, இதோ பாருங்க" என்று நாலைந்து லிங்க் வைத்துவிட்டுப் போவார். மற்றவர்கள் தீப்பெட்டியை வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். சார் மட்டும், "வாங்க தீப்பெட்டி, இன்னைக்கு எத்தனை குச்சி கொண்டுவந்தீங்க?" என்று ஆரம்பிப்பார். சண்டை பொழுது சாயும்வரை போகும்.

அக்காவுக்கு அந்தக் கம்ப்யூட்டரைக் கண்டாலே ஆகாது. "என் சக்களத்தி எழுந்தாச்சா?" என்பார். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனால் சாரின் முதுகுதான் தெரியும். எழுதியதில் நல்ல வரி எதையாவது சார் திரும்பிப் பார்த்து உரக்கப் படிப்பார். அக்கா காய் நறுக்கிக்கொண்டே "ம்" என்பார். நாள் முழுக்க இருபது டிரைவர்களின் கதையைக் கேட்ட காதுக்கு இன்னொரு கதை ஏறாது. மகளும் போனில், "அப்பாகிட்ட பேசணும்னா நானும் அங்க போய் கருத்து போட்டாத்தான் உண்டு போல" என்று கடிந்துகொண்டாள். ஒருமுறை அப்பாவும் மகளும் இந்த விஷயத்தில் முட்டிக்கொண்டு, கொஞ்ச காலம் அக்கா வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். வீட்டிலும் கன்ட்ரோல் வேலைதான் என்று அக்கா என்னிடம் சலித்துக்கொண்டார்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பு சாருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. சளி நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகத் தானே நடந்து வந்து ஆட்டோவில் ஏறியவர், திரும்பி வரவில்லை.

அக்கா சீக்கிரமே வேலைக்கு வந்துவிட்டார். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க முடியவில்லை என்றார். குரல் அதேதான். ஆனால் அந்த "ம்" மட்டும் வரவில்லை. டிரைவர்கள் அதைக் கவனித்தார்கள். அதற்காகவே யாரும் தகராறு செய்யவில்லை.

அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இன்டர்நெட் இணைப்பை நிறுத்தலாம் என்று அதன் நம்பரைத் தேடி அக்கா கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறார். சார் விட்டுப்போன இடத்திலேயே பிளாக் திறந்தது. கடைசிப் பதிவின் கீழே ரெட்டைச்சுழி என்று ஒருத்தர் கேட்டிருந்தார்: "எடைக்கல் எங்கே? ஆளையே காணோம்." அதன் கீழே கடைக்காரர்: "ஐயா, நீங்க இல்லாம கடை காத்தாடுது." அதற்கும் கீழே தீப்பெட்டி: "சண்டைக்காவது வாங்க ஐயா."

அக்கா விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தார். "எடைக்கல் இறந்துவிட்டார். நான் அவர் மனைவி" என்று அடித்தார். அனுப்பினால் மேலே எடைக்கல் என்று பெயர் வரும்; எடைக்கல்லே வந்து எடைக்கல் இறந்துவிட்டார் என்று சொல்கிற மாதிரி இருக்கும். கை வரவில்லை. அழித்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, "உடம்பு சரியில்லாம இருந்தது. வந்துட்டேன்" என்று அடித்து, யோசிப்பதற்குள் அனுப்பிவிட்டார்.

அடுப்பில் பால் வைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் பதில்கள் வந்து குவிந்திருந்தன. வாங்க வாங்க என்று ஒருத்தர். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று ஒருத்தர். ஓய்வெடுங்கள், சண்டை எங்கேயும் ஓடிப்போகாது என்று தீப்பெட்டி. பால் பொங்கி வழிந்தது அக்காவுக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னது வெகுநாள் கழித்து. "நான் செஞ்சது தப்புதான். ஆனா ஒண்ணு கேளு. ஆபீஸ்ல, தெருவுல, கடையில எல்லாரும் என்னைத்தான் விசாரிச்சாங்க, நீ எப்படியிருக்கே, நீ எப்படியிருக்கேன்னு. அவர் எப்படியிருக்கார்னு கேட்டது அவங்க மட்டும்தான்" என்றார்.

அதிலிருந்து தினமும் காலையில், வேலைக்குக் கிளம்பும் முன், அக்கா எடைக்கல் ஆனார். முதலில் சுலபமாக இருந்தது. எந்தப் பதிவு வந்தாலும் "யார் சரிபார்த்தாங்க? எப்போ?" என்று கேட்டால் போதும். கூட்டம் கைதட்டும். ஆனால் சார் மாதிரி எழுத வேண்டுமே. அதற்காகப் பழைய கருத்துகளைப் பின்னோக்கிப் படிக்க ஆரம்பித்தார். போன மாதம், அதற்கு முந்தின மாதம், போன வருடம் என்று கொஞ்சம் கொஞ்சமாக.

காய் நறுக்கிக்கொண்டு "ம்" போட்ட வரிகள் எல்லாம் அங்கே இருந்தன. இப்போது ஒவ்வொன்றும் காதில் குரலோடு கேட்டது. எந்த இடத்தில் சார் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டிருப்பார், எந்த இடத்தில் தானே சிரித்திருப்பார் என்று தெரிந்தது. நடுநடுவே, "வீட்டுல கன்ட்ரோல் கூப்பிடறாங்க, சாப்பிட்டு வரேன்" என்று எழுதியிருந்தார். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா நின்றுவிடுவார். அன்றைக்கு என்ன சமைத்தோம், சார் கூப்பிட்டதும் வந்தாரா, இல்லை இரண்டு மூன்று தடவை கத்தினோமா என்று யோசித்துக்கொண்டே இருப்பார். ஓரிடத்தில் சார் இப்படி எழுதியிருந்தார்: "எங்க வீட்டுல ஒரு கருவி இருக்கு. நான் எவ்வளவு நீட்டிப் பேசினாலும் 'ம்'னு ஒரே அளவுதான் காட்டும். முப்பது வருஷம் சர்வீஸ்ல அதை மட்டும் என்னால சரிபார்க்க முடியல." அதற்கு ஏகப்பட்ட பேர் சிரித்திருந்தார்கள். அக்கா அதைப் படித்துவிட்டு அன்று வேலைக்குத் தாமதமாக வந்தாராம். சாயங்காலம் நான் பார்த்தபோதும் கண் வீங்கியிருந்தது. ஒவ்வாமை என்றார்.

அந்தக் காலத்தில் அக்காவிடம் ஒரு மாறுதல் வந்ததை நான் பார்த்தேன். நான் மதியமே வந்துவிடும் நாட்களில், போன் ஓய்ந்திருக்கும்போது, ஆபீஸ் கம்ப்யூட்டரில் எதையோ படிப்பார். எட்டிப் பார்த்தால் வெப்பமானி, பனிப்பாறை, கடல் மட்டம் என்று இருக்கும். "என்னக்கா, பரீட்சை எழுதப் போறீங்களா?" என்று கேட்டால், "சும்மா, தெரிஞ்சுக்கலாம்னு" என்பார். தீப்பெட்டி கேட்கும் எதிர்க்கேள்விக்கு சார் மாதிரி பதில் சொல்ல வேண்டுமென்றால் விஷயம் தெரிய வேண்டுமே. அதனால் தீப்பெட்டி கொடுத்த லிங்க்குகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மறுபடி படித்தார். கொஞ்சம் பிடிபட்டது. சார் கேட்ட கேள்வி புதிதில்லை என்று தெரிந்தது. கருவியைச் சரிபார்த்தோமா, வெயிலடிக்கும் சிமென்ட் தரைக்குப் பக்கத்தில் வைத்திருந்தோமா, இடம் மாற்றினோமா என்று அந்த வேலையில் இருப்பவர்களே உட்கார்ந்து மாய்ந்து மாய்ந்து சரிபார்த்திருக்கிறார்கள். சரிபார்த்த பிறகும் சூடு சூடாகத்தான் இருந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அக்கா அந்த லிங்க்குகளைத் திறந்ததெல்லாம் ஆபீசில்தான். வீட்டுக் கம்ப்யூட்டரில், திறக்காத லிங்க் நீலமாக இருக்கும். ஒருமுறை திறந்து பார்த்தது ஊதாவாக மாறிவிடும். தீப்பெட்டி கடைசி மாதங்களில் சாருக்குக் கொடுத்த லிங்க்குகள் அத்தனையும் ஊதாவாக இருந்தன.

"ஒண்ணு விடாம படிச்சிருக்கார்" என்று அக்கா என்னிடம் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது. "படிச்சுட்டு என்ன நினைச்சார்? நம்பலையா? நம்பிட்டு, இத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டாரா? ஒரே வீட்டுல, ஒரே மேஜையில, எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டேன். அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பார்."

ஆனாலும் எடைக்கல்லாக எழுதும்போது மனதை மாற்றிக்கொள்ள அக்காவுக்குத் தைரியம் வரவில்லை. அவர் சொல்லாததை எப்படிச் சொல்வது? மாற்றி எழுதினால் அது சாராக இருக்காது. அதனால் தனக்கே நம்பிக்கை இல்லாத கேள்விகளைக் காலையில் எழுதி வைத்துவிட்டு, பகலில் அதற்கான பதில்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் கீழ் ரோடு விவகாரம் கிளம்பியது. எங்கள் ஊரில் ஆற்றை ஒட்டிப் போகும் ரோட்டுக்கு அந்தப் பெயர். கடல் பக்கம் தண்ணீர் ஏறும் நாட்களில் ஆற்றுத் தண்ணீர் எதிர்த்து ஏறி ரோட்டுக்கு வந்துவிடும். முன்பெல்லாம் எப்போதாவது. இப்போது அடிக்கடி. "அக்கா, கீழ் ரோட்டுல தண்ணி, சுத்திப் போறேன்" என்று டிரைவர்கள் சொல்வது எங்கள் இருவருக்கும் பழகிப்போனது. கரையையும் ரோட்டையும் உயர்த்த வேண்டும் என்று நகராட்சியில் திட்டம் வந்தது. கடைகளை இடிக்க வேண்டும், வரியும் ஏறும். வேண்டும் என்று ஒரு பக்கம், வேண்டாம் என்று ஒரு பக்கம். அது எடைக்கல்லின் ஊர் என்று தெரிந்து கடைக்காரர் அதைப் பற்றிப் பதிவு போட்டார். ஆறு ஏறுகிறது என்று பாலத்தடியில் இருக்கும் அளவுகோலை வைத்துத்தானே சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தார். எடைக்கல் ஐயா என்ன சொல்கிறார் என்றும் கேட்டிருந்தார்.

அக்கா வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், வழக்கம்போல எழுதினார்: "பாலத்தடி அளவுகோலை யாராவது சரிபார்த்தாங்களா? எனக்குத் தெரிஞ்சு இல்லை."

அது உண்மைதான். அக்காவுக்கு அந்த அளவுகோலைப் பற்றி எதுவுமே தெரியாது.

அடுத்த வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் அந்த வரியை வைத்து ஒரு கட்டுரை வந்தது. "ஆற்று அளவுகோல் ஒருபோதும் சரிபார்க்கப்படவில்லை: முன்னாள் அளவைத் துறை நிபுணர்" என்று தலைப்பு. டீக்கடையில் அதைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் டிரைவர்களே பேசினார்கள். திட்டத்தை எதிர்த்த நகராட்சி உறுப்பினர் அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிற இடமெல்லாம் காட்டினார். பிளாக்கில் கடைக்காரருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பொதுமக்கள் கருத்துக் கூட்டத்துக்கு எடைக்கல் நேரில் வந்து பேச வேண்டும், நாங்களும் வருகிறோம், ஒருமுறையாவது முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுதினார்.

அன்று சாயங்காலம் ஹெட்போனைக் கையில் கொடுத்துவிட்டு அக்கா கிளம்பவில்லை. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். நடுநடுவே வண்டி கேட்டு போன் வந்தது. நான் எடுத்துப் பேசி முடிக்கும்வரை காத்திருந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

"போகாம விட்டுடுங்கக்கா. உடம்பு சரியில்லைன்னு எழுதிடுங்க."

"அவர் பேரைச் சொல்லி, நான் எழுதினதைப் படிச்சுக் காட்டுவாங்களே. அவர் வாழ்நாள்ல ஒரு மீட்டரைத் தொட்டுப் பார்க்காம தப்புன்னு எழுதினதில்லை. தெரியுமா உனக்கு?"

"தெரியும்கா."

"அப்போ வா என்கூட."

கூட்டம் காலையில். எனக்குச் சாயங்கால ஷிப்ட் என்பதால் பிரச்சினை இல்லை. அக்காவுக்குப் பதில் முதலாளியே மைக்கில் உட்கார்ந்தார். அன்றைக்கு ஒரே வாசலில் மூன்று வண்டி நின்றதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

ஹாலில் மடக்கு நாற்காலிகள் நிரம்பி, சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். கீழ் ரோட்டில் கடை வைத்திருப்பவர்கள் முன்வரிசையில். ஆற்றுத் துறை இன்ஜினியர் ஒரு இளம் பெண், மெல்லிய குரல். அளவுகோல் வருடா வருடம் சோதிக்கப்படுகிறது, கடந்த சோதனை மழைக்கு முன் நடந்தது என்று அவர் சொன்னது பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. கேட்டவர்களும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு அந்த உறுப்பினர் எழுந்தார். பத்திரிகைப் பக்கத்தை விரித்து, கணீரென்று படித்தார். கைதட்டல். "இது ஒரு நிபுணரோட வாக்குமூலம்" என்றார்.

அக்கா கையைத் தூக்கினார். மைக் கை மாறி மாறி வந்து சேர்ந்தது. எங்கள் ஆபீசில் வருடக்கணக்காக மைக்கில் பேசுகிறவர். ஆனாலும் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அதை எழுதினது நான்" என்றார்.

"நீங்க யாரும்மா?"

"டாக்ஸி ஆபீஸ்ல போன் எடுக்கறேன்."

ஹாலில் சிரிப்பு. கூட்டத்திலிருந்து யாரோ ஒரு டிரைவர், "நம்ம கன்ட்ரோல் அக்காவா!" என்று கத்தினான்.

"எடைக்கல் என் வீட்டுக்காரர். அவர் இறந்துட்டார். அதுக்கப்புறம் அவர் பேர்ல நான்தான் எழுதிட்டு இருந்தேன். அந்த அளவுகோலை நான் கண்ணால பார்த்ததில்லை. எனக்குத் தெரிஞ்சு இல்லைன்னு எழுதினேன், சரிபார்க்கலைன்னு எழுதல. ரெண்டும் வேற வேற. அவர் இருந்திருந்தா முதல்ல போய்ப் பார்த்திருப்பார். அவ்வளவுதான். அவர் பேரை விட்டுடுங்க."

உட்கார்ந்துவிட்டார். அந்த உறுப்பினர் சளைக்கவில்லை. "அம்மாவோட துக்கத்துல பங்கெடுக்கிறோம். ஆனா கேள்வி கேள்விதானே? யார் கேட்டா என்ன?" என்றார். அதற்கும் கைதட்டினார்கள். கடைசியில் மேலும் ஆய்வு தேவை என்று சொல்லித் திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். தள்ளிவைத்தது இன்றுவரை தள்ளியேதான் இருக்கிறது. டிரைவர்கள் இன்னும் சுற்றித்தான் போகிறார்கள்.

வெளியே படிக்கட்டில் ஒருத்தர் காத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள், கசங்காத சட்டை, கையில் நெகிழிப் பையில் பழங்கள். "நான்தாங்க கடைக்காரர்" என்றார். அக்கா அடி வாங்கத் தயாரானவர் மாதிரி நின்றார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "எப்போ?"

"மழைக்கு முன்னாடி. காய்ச்சல்."

"அதுக்கப்புறம்தான நாங்க எல்லாரும் அவருக்குப் பொறந்தநாள் வாழ்த்து சொன்னோம்."

"ஆமா. நன்றி சொன்னது நான்தான்."

கடைக்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். பழப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வெயிலில், வருகிறவர் போகிறவர் பார்க்க அழுதார். உடம்பு தேறியவரைப் பார்க்கப் போகிறோம் என்று வாங்கி வந்த பழங்கள். முகம் தெரியாத மனிதருக்காக அப்படி அழுகிறவரை நான் பார்த்ததில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எதிர்க்கடையில் டீ வாங்கி வந்தேன்.

"உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்" என்றார் அவர், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நான் பதிவு போட்டா, வெளியில கருத்து போடறதுக்கு முன்னாடி தனியா எனக்கு மெயில் போடுவார். இந்த வரிக்கு ஆதாரம் இல்ல, எடுத்துடுங்கன்னு. நானும் எடுத்துடுவேன். இப்போ கொஞ்ச நாளா அந்த மெயில் வரல. சரி, நான் தேறிட்டேன் போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

அக்கா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "கடைசியா அவர் மனசுல என்ன இருந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா? சூடாகுதுன்னு நம்பினாரா?" என்று கேட்டார்.

"நாங்க அதைப் பேசினதே இல்லைங்க. தினமும் அதைப் பத்தித்தான் பேசினோம். ஆனா அதைப் பேசினதே இல்லை."

வீட்டுக்குப் போனதும் அக்கா பிளாக்கில் உண்மையை எழுதினார். இந்த முறை அழிக்கவில்லை. பதில்கள் வந்தன. துக்கம் சொன்னவர்கள் அதிகம். இத்தனை நாள் ஏமாற்றினீர்களே என்று கொதித்தவர்களும் இருந்தார்கள். தீப்பெட்டி ஆட்கள் எடைக்கல்லின் கணக்கைத் திருடிவிட்டார்கள், இது சதி என்று ஒருத்தர். ரெட்டைச்சுழி மட்டும், "இறந்ததற்கு என்ன ஆதாரம்? சான்றிதழ் கொடுத்தது யார்? சரிபார்த்தீர்களா?" என்று கேட்டிருந்தார்.

அதைப் படித்ததும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல், தனியாக, வயிறு வலிக்க. சார் இருந்திருந்தால் அதையேதான் கேட்டிருப்பார். சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாராம், சொல்வதற்கு. பின்னால் ஆள் இல்லை. அதுதான் தாங்கவில்லை என்றார்.

தீப்பெட்டி அங்கே எதுவும் எழுதவில்லை. கடைக்காரரிடம் நம்பர் வாங்கிப் போனில் கூப்பிட்டார். எங்கோ வேறு ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கும் பெண்மணி. குரல் அக்காவைவிடச் சின்னது.

"எனக்குக் கொஞ்ச நாளாவே சந்தேகம்தாங்க" என்றார். "குச்சி எத்தனைன்னு கேட்கறதை விட்டுட்டார். உடம்பு முடியலை போலன்னு விட்டுட்டேன். உங்க வீட்டுக்காரர் இருக்காரே, அவர்கூட மல்லுக்கட்டறதுக்காகவே நான் அவ்வளவு படிச்சேன். அங்க என்னைத் திட்டாதவர் அவர் ஒருத்தர்தான். இப்போ அந்தப் பக்கம் போகவே மனசு வரல."

அக்கா அதே கேள்வியை அவரிடமும் கேட்டார். அந்தப் பெண்மணி யோசித்துவிட்டுச் சொன்னார். "ஒரே ஒரு தடவை, ரொம்ப கடைசியில, 'யோசிக்கிறேன் தீப்பெட்டி'ன்னு எனக்குத் தனியா மெயில் போட்டார். நான் துள்ளிக் குதிச்சேன். மறுநாள் வந்து என்ன சொல்லப்போறார்னு காத்திருந்தேன். அவர் வரல."

அது சார் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள். அக்கா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. இருவரும் அவ்வப்போது போனில் பேசிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் முழங்கால் வலி, மகள், மருந்து.

கடைக்காரர் இன்னும் பிளாக் நடத்துகிறார். கூட்டம் குறைந்திருக்கிறது, பதிவுகளும் சின்னதாக வருகின்றன. அக்கா அங்கே எழுதுவதில்லை. இணைப்பை மட்டும் நிறுத்தவில்லை.

போன விடுமுறைக்கு மகள் வந்திருந்தாள். ஒரு மதியம் நான் போனபோது அம்மாவும் மகளும் கம்ப்யூட்டர் முன்னால் ஒரே நாற்காலியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா படித்தார், சார் மாதிரியே, நிறுத்தி நிறுத்தி. மகள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

"அப்பா இவ்வளவு தமாஷா பேசுவாரா?"

"பேசுவார். நாமதான் கேட்கல."

பக்கத்தின் அடிக்கு வந்ததும் மகள் அடுத்த பக்கத்துக்குப் போக அம்புக்குறியை அழுத்தக் கை நீட்டினாள். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னோக்கிப் படித்துப் படித்து, சார் எழுத ஆரம்பித்த முதல் வருடம் மட்டும்தான் பாக்கி. அதை அவர் வாரம் ஒரு பக்கத்துக்கு மேல் படிப்பதில்லை.

"வேண்டாம்" என்றார். "அது அடுத்த வாரத்துக்கு இருக்கட்டும்."